கசியாத குழாய்க்கு எடுத்த நோம்பி

இந்த நிகழ்ச்சிக்கு எங்கள் வீட்டில் மட்டும் மூன்று வடிவங்கள் வழங்குகின்றன. மூத்த மகன் சொல்லும் வடிவத்தில் ஒரு மாளிகை வெடித்துச் சிதறுகிறது. இளையவன் சொல்வதில் என்னைப் பிடித்துக்கொண்டுபோகக் காவலர் வருகின்றனர். மருமகள் தன் பிறந்த வீட்டில் சொன்ன வடிவத்தில் ஒரு சிறுத்தையும் உண்டாம். (அது எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்று கேட்டேன். "இருந்தா நல்லா இருக்கும்னு சேர்த்தேன் மாமா" என்றாள்.) ஆகவே, உறுதிசெய்யத்தக்க செய்திகளை மட்டும் நானே எழுதிவைத்துவிடுவது என்று துணிந்தேன்.

என்னிடம் உள்ள சான்றுகள் மூன்று. ஒன்று, என் கையாலேயே எழுதிய ஆய்வுக் குறிப்பேடு. இரண்டாவது, என்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதம். மூன்றாவது, என் நினைவு. மூன்றாம் சான்று முதலிரண்டோடு முரண்படும் இடங்களில் அதனைத் தள்ளிவிட்டேன். உரையாடல்களைப் பொறுத்தவரை பொருளுக்கு நான் பொறுப்பு. சொல்லுக்குச் சொல் பொறுப்பேற்க இயலாது. மாளிகை வெடிக்கவில்லை. சிறுத்தை வரவில்லை. இவற்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஏமாற்றம் அடைபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கச் சில ஆண்டுகள் இருந்தன. எனக்கு வயது இருபத்து மூன்று. முறையாகத் தமிழ் கற்றுத் தேர்ந்திருந்தேன்; கற்ற தமிழுக்கு வேலை கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அந்நாளில் விளக்குச் சாதனங்கள் விற்றுவந்த சென்னை நிறுவனம் ஒன்று, கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து மாளிகைக்கு எரிவாயு விளக்குகள் அமைத்துக் கொடுத்தது. குழாயைக் காக்க ஓர் ஆள் தேவை. ஆங்கிலத்தில் இருந்த பாதுகாப்பு விதிகளை அவன் தமிழாக்கி, பணியாட்களுக்கு விளங்கச் சொல்லவும் வேண்டும். விண்ணப்பித்தவன் நான் ஒருவனே என்று பின்னர் அறிந்தேன்.

அமைப்பு எளிது. மாளிகையிலிருந்து இருநூறு தப்படி கீழே ஒரு கொட்டகை. அங்கே ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர். அதற்குள் கார்பைடு கட்டிகளைப் போட்டால் எரிவாயு பொங்கி எழும். அந்த வாயு, முழங்கால் ஆழத்தில் புதைத்த இரும்புக் குழாய் வழியாக மாளிகைக்குச் சென்று விளக்குகளில் எரியும். மலையின் சிவந்த ஈரமண் இரும்பைத் தின்றுவிடும் என்பதால், குழாய் முழுவதும் தார் பூசிச் சாக்குத்துணி சுற்றியிருந்தார்கள். அதைத் துருப்பிடிக்காமலும் கசியாமலும் காப்பதே என் தொழில். ஓராண்டு முடிவில் நிறுவனத்தின் பரிசோதகர் வந்து பார்ப்பார். குழாய் செம்மையாக இருந்தால் என் வேலை நிலைபெறும். இல்லையேல் மலையிறங்கித் தந்தையின் கடலைக் காட்டுக்கே திரும்ப வேண்டும்.

விதிகள் இருபத்திரண்டு. அவற்றை நான் பெயர்த்த தமிழ் எனக்கு மிகவும் நிறைவளித்தது. "எரிவளி ஒழுகல் ஐயுறப்படுமிடத்து நூறு தப்படிக்கு உட்பட்ட அடுப்பனைத்தும் அவித்தல் தலை" என்பது நான்காம் விதி. தோண்டும் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த சடையன் என்னும் மலை விவசாயியிடம் அதனைக் கணீரென்று வாசித்துக் காட்டினேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்; ஒற்றை நாடி உடம்பு; சிரிக்காமலே கேலி பேசுபவர். கைகட்டிக் கேட்டுவிட்டு,

"இது எந்தச் சாமி மேல பாடினதுங்க?" என்றார்.

"பாட்டில்லை. கசிவு என்று சந்தேகம் வந்தால் அடுப்பை அணைக்க வேண்டும்."

"அதைச் சொல்லீருக்கலாமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வாரம் அந்தப் பக்கம் வரவில்லை.

அவர்மேல் குற்றமில்லை. ஒருவரும் வராதபடி நானே செய்துகொண்டேன். கொட்டகையின் முன்புறம், நெருப்போடு யாரும் வரக்கூடாது என்று கயிறு கட்டினேன். மலைக்குளிரில் நெருப்பில்லாமல் யார் எங்கே போய் உட்காருவார்கள்? குழாய்த் தடத்தின் நடுப்பகுதியை ஒட்டி எட்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருந்தது. சடையனின் வீடும் அதில் ஒன்று. பொழுது சாய்ந்தால் எட்டுக் கூரைகளிலிருந்தும் புகை எழும். பேச்சும் சிரிப்பும் கேட்கும். நான் போகலாமென்றால் ஆறாம் விதி குறுக்கே நின்றது: காவலன் பணியுடையோடு நெருப்பருகில் அமர்தல் ஆகாது. பணியுடையைக் கழற்றிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். மழைக்காலத்தில் மற்ற உடைகள் உலர்வதில்லை. (உலர்ந்திருந்தாலும் போயிருப்பேனா என்பது ஐயமே. அழைக்காத வீட்டுக்குள் நுழைவதற்கு என் கல்வியில் பயிற்சி இல்லை.)

மாளிகையும் வெறுமையாகவே கிடந்தது. உரிமையாளர் சமவெளியில் இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை வருவார் என்றார்கள், அந்த ஆண்டு வரவில்லை. ஆயினும் குழாயில் நீர் தேங்காதிருக்க நாள்தோறும் மாலையில் கால்மணி நேரம் ஒரு விளக்கையாவது எரிக்க வேண்டும் என்பது பதினான்காம் விதி. உணவறையில் ஒரு நீண்ட மேசை. சுற்றிப் பன்னிரண்டு நாற்காலிகள். நாள்தோறும் விளக்கேற்றிவிட்டு, பதின்மூன்றாவதாகச் சுவரோரம் நான் நின்றுகொண்டிருப்பேன். வெள்ளை வெளேரென்ற ஒளி பன்னிரண்டு வெற்று நாற்காலிகள்மேல் விழும். கால்மணி முடிந்ததும் அணைத்துவிட்டு, 'ஒளி நன்று' என்று குறிப்பேட்டில் எழுதுவேன். முதல் நாற்பது நாளும் குறிப்பேட்டில் வேறு செய்தி இல்லை. தெளிந்த காலைகளில் சமவெளியில் ஓர் ஏரி மின்னும். எங்கள் ஊர் ஏரியென்று எண்ணிக்கொண்டேன், உறுதிசெய்துகொள்ளவில்லை.

நாற்பத்தோராம் நாள் காலை, கொட்டகையில் இருந்த கண்ணாடி அளவியில் நீர்மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. குழாயில் எங்கோ கசிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். நான் ஓடிப்போய் எட்டு வீட்டு அடுப்புகளையும் அணைக்கச் சொன்னேன். சடையனையும் இன்னும் இருவரையும் தோண்டுவதற்கு அழைத்தேன். கடப்பாரை மண்ணில் விழுந்து ஐந்து நிமிடம் இராது. திரும்பிப் பார்த்தால் குடியிருப்பே வந்து நிற்கிறது. ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள், ஒரு பாய், இரண்டு சட்டிகள்.

"இவர்கள் எதற்கு?" என்றேன்.

"மண்ணு தெறந்தா ஊட்டுக்கு ஒராளாச்சும் வரோணுமுங்க" என்றார் சடையன். "கெணறானாலும் சரி, ஊட்டுக் கடைக்காலானாலும் சரி, பொணக்குழியானாலும் சரி. மூடற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கப்படாது. எங்க ஊரு வழக்கம்."

(மலையின் மற்ற ஊர்களிலும் இவ்வழக்கம் உண்டா என்று நான் விசாரிக்கவில்லை. அந்த எட்டு வீடுகளுக்கு மட்டும் உறுதி கூறுகிறேன்.)

குழாயின் இணைப்பு மூட்டு ஒன்றைத் திறந்து, தாரையும் துணியையும் கத்தியால் சுரண்டிவிட்டு, சவுக்கார நுரையைத் தடவிப் பார்த்தேன். கசிந்தால் நுரை குமிழியிடும். குமிழியிடவில்லை. அடுத்த மூட்டிலும் இல்லை. இதற்குள் ஆண்கள் சுருட்டைப் பற்றவைக்க முடியாமல் காதிடுக்கில் செருகிக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் ஆறிப்போன கேழ்வரகுக் களியைப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள். சடையனின் மனைவி வெள்ளையம்மாள் எனக்கும் ஓர் உருண்டையை இலையில் வைத்து நீட்டினாள்.

"ஏனுங்க சாமி, உங்கூட்டுல யாரு யாரு இருக்கறாங்க?"

நாற்பது நாளாக என்னைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் விடை சொல்லத் தொடங்கினேன். தந்தை, தாய், தமக்கை, தமக்கை கணவருக்கு வந்த காமாலை, அதற்குக் கொடுத்த மருந்து, மருந்து கொடுத்தவரின் ஊர், அந்த ஊருக்குப் போகும் வழி என்று அது குழி மூடும்வரை நீண்டது.

"கண்ணு, மூச்சு வாங்கிக்க" என்றாள் வெள்ளையம்மாள். "களி தொண்டையில நிக்கப் போவுது."

கசிவு எங்கே என்று பிறகு கண்டேன். முந்திய மாலை மாளிகை விளக்கின் திருகை நானே சரியாக மூடவில்லை. குறிப்பேட்டில், 'ஐயம் எழுந்தது, தோண்டப்பட்டது, ஐயம் நீங்கிற்று' என்று எழுதினேன். அன்று மாலை பன்னிரண்டு நாற்காலிகளும் முன்னைவிட வெறுமையாக இருந்தன.

இனி வருவதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் குறிப்பேடு கண்ணெதிரே கிடக்கிறது. பதினாறு நாள் கழித்து, நீர்மட்டம் ஒரு நூலளவு இறங்கியதுபோல் எனக்குத் தோன்றிற்று. தோன்றிற்று என்றே எழுதியிருக்கிறேன், பொய் எழுதவில்லை. விதி என்ன சொல்கிறது? கசிவு ஐயுறப்பட்டால் தோண்ட வேண்டும். கசிவு இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஐயம் என்பது காவலனின் உள்ளத்தில் நிகழ்வது. அதை அளக்க ஒரு கருவியும் நிறுவனம் அனுப்பவில்லை. இவ்வாறு தருக்கம் செய்துகொண்டு குடியிருப்பை நோக்கி நடந்தபோது என் கால்கள் சற்று வேகமாகவே போயின.

அந்த ஆண்டில் பதினேழு முறை எனக்கு ஐயம் எழுந்திருக்கிறது. மழைநாளில் எழுந்ததில்லை. விதைப்பும் அறுப்பும் நடந்த வாரங்களில் எழுந்ததில்லை. சோளக்காடு என்னும் மலையூரில் சந்தை கூடும் நாளில் ஒருமுறையும் இல்லை. மேலும், தொடக்கத்தில் தடத்தின் பல இடங்களில் எழுந்த ஐயம், போகப்போகக் குடியிருப்பை ஒட்டிய ஒரு பலாமரத்தடியிலேயே நிலைத்துவிட்டது. கசிவு எப்போதும் நல்ல நிழலுள்ள இடத்தையே விரும்பியது. அங்கே உட்கார வசதி.

மற்றுமொரு குற்றமும் உண்டு. திறந்த மூட்டினை மூடும்போது தாரைக் காய்ச்சிச் சுடச்சுடப் பூச வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. திறந்த குழாயருகே நெருப்புக் கூடாது என்பது நான்காம் விதி. நூறு தப்படிக்கு அப்பால் காய்ச்சி எடுத்து வந்தால், மலைக்குளிரில் வந்து சேர்வதற்குள் தார் கல்லாகிவிடும். இரண்டு விதிகளும் மோதும்போது மனித உயிரைக் காக்கும் விதிக்கே முதன்மை என்று தீர்ப்பளித்தேன். இறுகிய தாரை உள்ளங்கையில் தேய்த்து, ஒட்டியமட்டும் ஒட்டவைத்து, பழைய துணியையே சுற்றி மண்ணைத் தள்ளினேன். பதினேழு முறையும் இவ்வாறே. தீ விபத்து ஒருமுறையும் நிகழவில்லை என்பதைப் பெருமையோடு குறித்திருக்கிறேன்.

இதனிடையே எனக்குள் ஒன்று தலைகீழாயிற்று. மலையேறிய புதிதில் ஓராண்டு எப்போது முடியும் என்று நாளெண்ணியவன், இப்போது ஓராண்டு முடிகிறதே என்று அஞ்சினேன். வேலை நிலைபெற வேண்டும். இந்த மண்ணுக்குள் இந்தக் குழாய் இன்னும் பல ஆண்டு கிடக்க வேண்டும். எனக்கு ஐயம் எழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

பரிசோதகர் வந்தார். திருச்சிராப்பள்ளிக்காரர், மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி. அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறியதில் அவருடைய முழங்கால்கள் இரண்டும் அவரோடு ஒத்துழைக்க மறுத்திருந்தன. நான் தோண்டும் ஆட்களை வரச்சொல்லியிருந்தேன். தடத்தருகே போனோம். அங்கே குடியிருப்பு முழுவதும் கூடியிருந்தது. அந்த முறை எட்டுப் பாய்கள். பலாச்சுளை ஒரு கூடை. யாரோ ஒரு பறையைக்கூடக் கொண்டுவந்து மரத்தில் சாய்த்திருந்தார்கள்.

பரிசோதகர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "இங்கே இன்று என்ன விழா?"

"கொழாய் நோம்பிங்க" என்றார் சடையன்.

(எங்கள் பக்கத்தில் திருவிழாவை நோம்பி என்பார்கள். இப்படியொரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.)

"குழாய்க்கா?"

"ஆமாங்க. மாசம் ஒருக்கா வரும், சில மாசம் ரெண்டு வரும். இந்தச் சாமிதான் நாள் குறிப்பாருங்க."

பரிசோதகர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நாள் குறிப்பதுண்டா?"

"ஐயம் எழும் நாள்களில் மட்டும்" என்றேன். என் குரல் கீழ்மலையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

வெள்ளையம்மாள் எனக்கு நன்மை செய்வதாக எண்ணி முன்வந்தாள். "இவரை மாத்தீராதீங்க சாமி. முன்னெல்லாம் எங்களுக்கு வருசத்துக்கு ரெண்டே நோம்பி. இவரு வந்ததுக்கப்பறம் எண்ணி மாளலீங்க. சவுக்காரத்தை எடுத்துட்டு வந்தாருன்னா அன்னைக்கு ஒருத்தரு ஊட்லயும் அடுப்பு வேலையில்லை. இப்படி ஒரு மகராசனை நீங்க எங்க தேடுவீங்க?"

பரிசோதகர் மாளிகைக்குப் போகும் ஏற்றத்தில் தாமாகவே ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். நான் ஒருமுறையும் கை வைக்காத இடம். மண் பாறைபோல் கிடந்தது. குழாய் வெளிப்பட்டபோது தார் நேற்றுப் பூசியதுபோல் பளபளத்தது. நகத்தால் கீறினார், கீறல் விழவில்லை. "மிக நன்று. இதைச் செம்மையாகக் காத்திருக்கிறீர்" என்றார். நான் தலைகுனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன். அந்த இடத்தை நான் காத்த முறை, அதனை மறந்திருந்ததே.

பிறகு அவர் பலாமரத்தடிக்கு வந்தார். காலால் மிதித்தார். கால் உள்ளே இறங்கியது.

"இங்கே மட்டும் மண் ஏன் இவ்வளவு இளகியிருக்கிறது?"

தோண்டக் கடப்பாரை தேவைப்படவில்லை. சடையன் கையாலேயே அள்ளினார். சாக்குத்துணி கறுத்து, நீர் ஊறி, அவித்த கிழங்கின் தோலைப்போல உரிந்து வந்தது. அடியில் குழாய் பலாச்சுளையின் நிறத்தில் செதில் செதிலாய் உரிந்து கிடந்தது. பரிசோதகர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாக்கத்தியை எடுத்து மெதுவாகத் தட்டினார். மூன்றாவது தட்டுக்குக் கத்தியின் நுனி உள்ளே போயிற்று. உஸ்ஸென்று ஓசை எழுந்தது. அழுகிய பூண்டின் நாற்றம் பரவியது.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: என் உள்ளத்தில் முதலில் தோன்றியது மகிழ்ச்சி. கடைசியில் ஒரு கசிவு! பதினேழு முறை தேடியது கிடைத்துவிட்டது!

"நிற்கிறீரே! திருகை மூடும்!" என்று பரிசோதகர் அலறினார். நான் கொட்டகையை நோக்கி ஓடினேன். நெருப்பை அணையுங்கள் என்று நான் கத்தவேண்டிய தேவையே இல்லை. எட்டு வீட்டு அடுப்புகளும் விடியலிலிருந்தே அணைந்திருந்தன, நோம்பி நாளாயிற்றே. திருகை மூடினேன். வாயு நின்றது. அதுவரை எல்லாம் விதிப்படி. கொட்டகையின் பின்புறம், கார்பைடு கரைந்து மிஞ்சும் சுண்ணாம்புச் சேற்றைக் கொட்டுவதற்கு ஒரு பள்ளம் இருந்தது. அதைச் சுற்றி வேலியிட வேண்டும் என்பது பதினெட்டாம் விதி. வேலிக்கான கயிற்றை, நெருப்போடு யாரும் வராதிருக்க முன்புறம் கட்டிவிட்டிருந்தேன். திரும்பி ஓடிவந்த வேகத்தில் இடுப்பளவு சேற்றில் விழுந்தேன்.

எழுந்து தடத்துக்கு வந்தேன். தலைமுதல் கால்வரை வெண்மை. இமைகளை மட்டும் துடைத்திருந்தேன். வெள்ளையம்மாள் கூவினாள்:

"இத்தனை நாளும் கொறையா இருந்துச்சு. இப்பப் பூசாரியும் வந்துட்டாருங்க!"

பறையை யாரோ எடுத்து ஓர் அடி அடித்தார்கள். குடியிருப்பே உருண்டு சிரித்தது. பரிசோதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கியதை நான் கண்டேன். இரண்டு பெண்கள் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி என்னைக் கழுவினார்கள். தோல் ஒரு வாரம் எரிந்தது.

பின்னர்ப் பரிசோதகர் கொட்டகையில் உட்கார்ந்து குறிப்பேட்டை முதலிலிருந்து வாசித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"பதினேழு முறை ஐயம். பதினேழு முறையும் நீங்கிற்று."

"ஆம் ஐயா."

"உண்மையிலேயே ஐயம் இருந்ததா?"

"முதல் முறை இருந்தது."

அவர் பக்கங்களைப் புரட்டினார். 'ஒளி நன்று, ஒளி நன்று' என்று வரிசையாய் ஓடும் பக்கமொன்றில் விரலை வைத்தார். "இந்த விளக்கொளியில் யார் இருந்தார்கள்?"

"யாரும் இல்லை ஐயா. நாற்காலிகள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியே விட்டிருந்தால் குழாய் நெடுங்காலம் இருந்திருக்கும் என்றும், தம்மால் வேறுவிதமாக எழுத முடியாது என்றும் சொன்னார். பிறகு வந்த கடிதத்திலும் கடிந்த சொல் இல்லை. குழாய் பழுதுற்றதற்குக் காவலனின் கவனக்குறைவு காரணமன்று, கவனமே காரணம் என்ற கருத்தில் இரண்டு வரிகள் இருந்தன. வேலை போயிற்று.

துருப்பிடித்த துண்டை அறுத்து நிறுவனத்துக்குக் காட்ட எடுத்துச்செல்ல வேண்டும். புதுக்குழாய் வரும்வரை குழி திறந்தே கிடக்கட்டும் என்றார் பரிசோதகர். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும், நானும் உடன் வர வேண்டும் என்றார். என் பெட்டி சிறியது, கட்டுவதற்கு நேரமாகவில்லை. பெட்டியோடு பலாமரத்தடி வழியாக வந்தேன். எல்லாரும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்றார் சடையன். "மண்ணு தெறந்து கெடக்குதில்லீங்க."

"எனக்கு வேலை போய்விட்டது. குழியைப் புதுக்குழாய் வந்துதான் மூடுவார்கள்."

"அது எப்ப வரும்?"

"தெரியாது."

சடையன் வேறு பக்கம் பார்த்தார். நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். "உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். இன்றைக்கு முன் குழாயில் ஒரு நாளும் கசிவு இருந்ததில்லை. உங்களை வீணாக அலைக்கழித்தேன்."

வெள்ளையம்மாள் மடியில் இருந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அது எங்களுக்குத் தெரியாதுங்களா? கியாசு நாத்தம் உங்க மூக்குக்கு மட்டுந்தான் அடிக்குமா?"

"பிறகு ஏன் வந்தீர்கள்?"

"மண்ணு தெறந்தா வரோணுமுங்க. எதுக்குத் தெறந்தேன்னு கேக்கற வழக்கம் எங்களுக்கில்லை."

பரிசோதகர் வளைவில் நின்று என் பெயரைச் சொல்லி அழைத்தார். நான் நடந்தேன். "பாத்துப் போங்க சாமி, பள்ளத்துல உளுந்தராதீங்க" என்று சடையனின் குரல் பின்னால் கேட்டது, சிரிப்பொலியும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் சமவெளிப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியன் ஆனேன். ஓய்வுபெறும்வரை அதே பணி. மலைக்கு மீண்டும் ஏறவில்லை. முதலில் வெட்கம் தடுத்தது. பிறகு முழங்கால் தடுத்தது.

திருமணமான புதிதில் இதை மனைவியிடம் சொன்னேன். அது தவறு. பிள்ளைகள் இப்போது ஆளுக்கோர் ஊரில் இருக்கிறார்கள். எனக்குச் சிறிது நெஞ்சடைப்புப்போல் தோன்றுகிறது என்றோ, இரவில் கால் மரத்துப்போவதாக ஐயம் என்றோ கடிதம் எழுதினால், மூத்தவன் ஒரே வரியில் விடை எழுதுவான்: "குழாய் நோம்பி எந்தக் கிழமை அப்பா?" மருத்துவர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லும்போது, என் மனைவி அவரிடம், "ஐயம் நீங்கிற்றுன்னு எழுதிக் கொடுங்க டாக்டர், இவர் நோட்டுல ஒட்டிக்குவார்" என்பாள். பேரக்குழந்தைகளுக்கும் இந்தச் சொல் பழகிவிட்டது. பொருள் தெரிந்தே சிரிக்கிறார்கள். சிரித்தாலும் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். வந்தால் இரண்டு நாள் இருக்கிறார்கள்.

உறுதிசெய்ய முடிந்தவை இவ்வளவே. புதுக்குழாய் போடப்பட்டதா என்பது பற்றி என்னிடம் சான்று இல்லை. சடையன் பெயருக்கு எழுதிய கடிதத்துக்கு விடை வரவில்லை. அந்தக் குழி எப்போது மூடப்பட்டது, மூடும்வரை அவர்கள் அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்பன எனக்குத் தெரியா.